ஏழு டீச்சர்கள் சேர்ந்தால் ஒரு கிளை தொடங்கலாம்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கத்து ஆசிரியை போனில் பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்துவிடும். “மதுரையில நீங்க நடத்துற ஆசிரியைகள் மன்றம் மாதிரி எங்க ஊர்லயும் ஒண்ணு வேணும் டீச்சர், எப்படி ஆரம்பிக்கிறது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கள் மன்றத்தில் விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்த ஓர் உறுப்பினர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் அழைப்பு வரும். சம்பளம், மாறுதல், பதவி உயர்வு எதுவும் எங்கள் வேலை இல்லை. அதற்கு ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன, அவர்கள் அதைச் செய்கிறார்கள். நல்ல வகுப்பு எடுக்கும் பெண்ணைக் கண்டுபிடித்து, “நீங்கள் செய்வதை நாங்கள் பார்த்தோம்” என்று சொல்வதும், அவரைத் தனியாக விடாமல் இருப்பதும்தான் மன்றத்தின் வேலை.

இந்த முறைக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆனி வெப் பிளான்டன் என்று ஓர் ஆசிரியை இருந்தார். 1918-ல் மாநிலக் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். டெக்சஸில் மாநில அளவிலான பதவி ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். அமெரிக்கா முழுவதும் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியதே 1920-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அவரும் இன்னும் 11 பெண்களும் சேர்ந்து 1929 மே 11 அன்று ஆஸ்டின் நகரில் டெல்டா கப்பா காமா என்ற ஆசிரியைகள் அமைப்பைத் தொடங்கினார்கள். 1947-ல் கான்சஸ் சிட்டியில் ஆல்ஃபா டெல்டா கப்பா என்று இன்னொன்று வந்தது. அந்த அமைப்புகளோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் அழைத்துச் சேர்த்துக்கொள்வது, ஊருக்கு ஊர் சிறு கிளையாக வளர்வது என்ற இரண்டையும் அவர்களைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டோம்.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும்? பெரும்பாலான விருதுகளுக்கு நாமே கோப்பு கட்ட வேண்டியிருக்கிறது. போட்டோ, சான்றிதழ், பத்திரிகைச் செய்தி எல்லாம் சேர்த்து நாமே நம்மைப் பற்றி எழுத வேண்டும். அப்படி எழுதக் கூச்சப்படுகிற டீச்சர்கள்தான் அதிகம். முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், ஒருவரும் கவனிக்காமலே ஓய்வுபெற்றுப் போகிறார். அது எனக்குப் பொறுக்காது.

எல்லையைப் பஸ் முடிவு செய்யட்டும்

மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு கிளை என்று பிரித்தால் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் செல்லம்பட்டியில் வேலை பார்ப்பவருக்கு வீடு மதுரையில் இருக்கும். காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவார், சாயங்காலம் அதே தடத்தில் திரும்புவார். அவருக்குத் தெரிந்த டீச்சர்கள் எல்லாம் அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள்தான். எனவே நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் வழியாக உசிலம்பட்டி போகும் தடம் ஒரு கிளை. மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வழியாக மேலூர் போகும் தடம் இன்னொரு கிளை. ஒன்றிய எல்லையை மறந்துவிடுங்கள்.

வீடு இருக்கும் இடமா, பள்ளி இருக்கும் இடமா என்று அடுத்த கேள்வி வரும். பள்ளி இருக்கும் இடம்தான். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் ஒரு பெண்ணால் மறுபடி வெளியே கிளம்பி வர முடியாது. அடுப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை என்று வரிசையாக வேலை நிற்கும். பள்ளி விட்டதும், பஸ் ஏறுவதற்கு முன்னால் கூடுங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். ஆறு மணிக்குக் கலைந்துவிட வேண்டும் என்பதை எழுதாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் முதல் மாதம் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் மாதம் ஓய்வுபெற்றவர்கள் மட்டும் இருப்பார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. குறைந்த சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சருக்கு இது பெரிய விஷயம். அந்தப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கூட்டத்தை வையுங்கள். கிளை நூலகம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியரிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். யார் வீட்டிலும் வைக்காதீர்கள். வீட்டுக்காரம்மா காபி போடுவதிலேயே கூட்டம் முடிந்துவிடும். யார் வீட்டுக்கு யார் வருவார்கள், எங்கே தண்ணீர் குடிப்பார்கள் என்ற பேச்சும் நம் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. பொது இடமே நல்லது.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூனில் சேர்க்கை, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பாடப்புத்தகம் வாங்குவது என்று தலைக்கு மேல் வேலை. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. மார்ச் தொடங்கினால் பொதுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், அது முடிவதற்குள் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கி முடிகிற வரைக்கும் மதுரையில் யாரையும் எதற்கும் கூப்பிட முடியாது. மிச்சம் இருப்பது ஆடி. கல்யாணப் பத்திரிகையும் வராது, பரீட்சையும் இல்லை. ஆடியில் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். மாதம் முழுக்கப் பேசி முடிவு செய்யுங்கள், பதினெட்டாம் பெருக்கன்று தொடங்குங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

முதல் ஏழு பேர்

கிளையின் குணம் முதல் ஏழு பேரிலேயே தெரிந்துவிடும். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, உசிலம்பட்டி பக்கம் என்றால் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று கலந்து இருக்கட்டும். தொடக்கப்பள்ளியில் இருந்து குறைந்தது மூன்று பேர். இல்லாவிட்டால் மேல்நிலை டீச்சர்களே பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தலைமையாசிரியை ஒருவர் போதும். ஓய்வுபெற்றவர் ஒருவர் அவசியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஏழு பேரும் ஒரே சாதியா என்று பாருங்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போனால் நம் ஊரில் தானாக அப்படித்தான் வந்து நிற்கும். அப்படி வந்துவிட்டால் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி தேடுங்கள். காலனிப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரை எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். முதல் ஏழில் அவர் இல்லையென்றால், அப்புறம் அழைக்கும்போது அவர் வர மாட்டார். வராததில் நியாயமும் இருக்கிறது.

ஆள் தேடப் பழைய கல்லூரித் தோழிகள் நல்ல வழி. லேடி டோக் 1948-லும் பாத்திமா 1953-லும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965-லும் தொடங்கியவை. இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றில் படித்த டீச்சர் ஒருவராவது இருப்பார்.

வகுப்பைப் போய்ப் பாருங்கள்

கிளையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒருவரை நல்ல டீச்சர் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக அழைக்கக் கூடாது. தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்தும் அழைக்கக் கூடாது. படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியில் நூறு விழுக்காடு வருவதில் டீச்சரின் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு உறுப்பினர்கள் போக வேண்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்காருங்கள். “நாங்களும் டீச்சர்தான், கற்றுக்கொள்ள வந்தோம்” என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். கையில் நோட்டு வேண்டாம். நோட்டைப் பார்த்தால் ஆய்வுக்கு வந்தவர்கள் என்று வகுப்பே விறைத்துப் போகும். டீச்சரைப் பார்ப்பதைவிட, பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பாருங்கள். பாடம் அந்தப் பிள்ளை வரைக்கும் போகிறதா? தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையின் முகம் அடுத்த நிமிடம் எப்படி இருக்கிறது? இந்த இரண்டும் எனக்குப் போதும்.

திரும்பி வந்ததும் அரைப் பக்கம் எழுதுங்கள். “அர்ப்பணிப்பு மிக்கவர், பன்முகத் திறமையாளர்” மாதிரியான சொற்கள் அதில் வரக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எங்கள் கோப்பிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, பின்னம். டீச்சர் ஒரு முழம் மல்லிகைப் பூவைக் கொண்டுவந்தார். அரை முழம் எது, கால் முழம் எது என்று கேட்டார். கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை, அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை, எழுந்து வந்து கையால் அளந்து காட்டினாள். அவளுடைய அம்மா பூ கட்டி விற்பவர். “நாலு கால் முழம் வெச்சா ஒரு முழம் வந்துரும் டீச்சர்” என்றாள். டீச்சர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அடுத்த பத்து நிமிடம் அந்தக் குழந்தைதான் பாடம் நடத்தினாள். இதை எழுதிக் கொண்டுவந்து கூட்டத்தில் வாசித்தபோது மேற்கொண்டு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சில தனியார் பள்ளிகளில் வெளியாள் வகுப்பில் உட்கார விட மாட்டார்கள். அங்கே வேலை பார்ப்பவரை விட்டுவிடக் கூடாது. அவர் திருத்திய நோட்டுகளைப் பாருங்கள். சிவப்பு மையில் வெறும் டிக் இருக்கிறதா, எங்கே தப்பு என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா? ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு நோட்டிலும் அந்த ஒரு வரி இருந்தால், அவரை அழைக்கலாம்.

ஒருவருடைய பெயரைப் பேசி முடிவு எட்டவில்லை என்றால், பேசியது அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. இதில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு. மறுப்புச் சொல்பவர் வகுப்பில் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூம் பேச்சு, குடும்ப விஷயம், யாரோடு பேசுகிறார் என்பதெல்லாம் அந்த மேஜைக்கு வரக் கூடாது.

பதிவும் பணமும்

ஏற்கெனவே பதிவு பெற்ற மன்றத்தின் கிளை என்றால், அதன் துணைவிதிகளில் கிளை தொடங்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தனிப் பதிவு இல்லாமல் அதன் பெயரிலேயே நடத்தலாம். தனியாகத் தொடங்குகிறவர்களுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்து சங்க அமைப்பு விவரக் குறிப்பும் துணைவிதிகளும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒரு குழுவின் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவு செய்வதோடு முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு வாங்கிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஓய்வுபெற்றவர் அவசியம் என்று சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் அவர்கள் வெளியாரிடம் நிதி திரட்டக் கூடாது. அதனால் பொருளாளர் ஓய்வுபெற்றவராக இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. பணியில் இருக்கும் ஒருவர் பொறுப்பு ஏற்பதாக இருந்தால், தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்துவிட்டு நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஜிபே எண்ணுக்குச் சந்தா போகிற ஏற்பாடு ஒரு நாளுக்குக்கூட வேண்டாம். எங்களிடம் சந்தா மாதம் 50 ரூபாய், எல்லாருக்கும் ஒரே தொகை. அரசு டீச்சர் கூடத் தருகிறேன் என்றாலும் வாங்குவதில்லை; பணம் கூடினால் குரலும் கூடிவிடும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட பழைய மாணவி ஆசையாகப் பணம் அனுப்புவாள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லாத மன்றம் அதை வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தில் தருவது அந்தக் கணக்கில் வராது.

தொடக்க நாள்

பொன்னாடை வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம், மேடைக்கு அரசியல்வாதி வேண்டாம். சிறப்பு விருந்தினர் வருகிற வரைக்கும் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கும் கூட்டங்களில் நாம் எல்லாரும் போதுமான அளவு உட்கார்ந்தாயிற்று.

வாசலில் சந்தனம், குங்குமம், பூ, கற்கண்டு வைத்த தட்டும் வேண்டாம். இதற்கு மறுப்பு வரும், “மங்கலமாக இருக்குமே டீச்சர்” என்பார்கள். அந்தத் தட்டுக்கு முன்னால் கணவரை இழந்த டீச்சர் ஒருவர் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தட்டைப் பிடித்திருந்த பெண்ணும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தாள். மரியாதை செய்யக் கூப்பிட்ட இடத்தில், வாசலிலேயே ஒரு பெண்ணை அப்படி நிறுத்தக் கூடாது. முஸ்லிம், கிறிஸ்தவ டீச்சர்களும் வருகிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பானகமோ மோரோ கொடுங்கள், போதும்.

நிகழ்ச்சி சுலபமானது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் எழுந்து நிற்க, அவர் வகுப்பைப் பார்த்தவர் அந்த அரைப் பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசித்த தாளையே, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அவரிடம் கொடுத்துவிடுங்கள். நகலைக் கோப்பில் வையுங்கள். கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லாரையும் வரச் சொல்லுங்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்பார்கள். தொடக்க விழாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் “எதுக்கு லேட்டு?” என்ற கேள்வி குறைந்துவிட்டதாக உறுப்பினர்கள் சொல்வதுண்டு.

முதல் வருஷம் ஒரே ஒரு வேலை

ஆர்வத்தில் மருத்துவ முகாம், மரம் நடுதல், பேச்சுப் போட்டி என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒன்று போதும், அதுவும் டீச்சர்தான் செய்ய முடிகிற வேலையாக இருக்கட்டும். உசிலம்பட்டித் தடத்தில் இருக்கும் கிளை, பிளஸ் டூ முடிக்கும் பெண் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், என்னென்ன சான்றிதழ் என்று உட்கார்ந்து நிரப்பித் தருகிறார்கள். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போதும் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்ல, அவளுக்கு ஆறாம் வகுப்பு எடுத்த டீச்சரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மேலூர்க் கிளை புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்களை எடுத்துக்கொண்டது. முதல் வருஷத்தில் ஒரு சின்னப் பெண் பள்ளியில் படும் பாட்டை யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு முறை ஒரு மூத்த டீச்சர் அவளோடு உட்கார்ந்து, “இந்த மாசம் எந்தப் பாடம் ஓடலை?” என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஆனால் அதற்காக அந்தப் பெண்கள் காத்திருக்கிறார்கள்.

மாறுதல் வரும்போது

ஒவ்வொரு வருஷமும் கலந்தாய்வு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். செயலாளரே போய்விட்டால் தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம், பாஸ் புக், அரைப் பக்கங்களின் கோப்பு நான்கையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கூட்டத்தில் வைத்து, எல்லாரும் பார்க்க.

போகும் ஊரில் கிளை இல்லை என்றால் அவர் பெயரை எடுக்காதீர்கள். பழைய கிளையிலேயே இருக்கட்டும். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தில் யார் யார் வகுப்பு நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். பேரையூர் பக்கம் இப்போது அப்படித்தான் நடக்கிறது. திருமங்கலத்திலிருந்து மாறுதலில் போன ஒருவர் தேடிப் பிடித்ததில், அவரோடு சேர்த்து ஐந்து பேர் ஆகியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடப்பட்டி பக்கம் உங்களுக்குத் தெரிந்த நல்ல டீச்சர் யாராவது இருந்தால் பெயரையும் பள்ளியையும் சொல்லுங்கள். அவரிடம் இப்போதே சொல்ல வேண்டாம். நாங்கள் முதலில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறோம்.